நடக்க முடியாதவரைத் தேடி வந்த பெருமாள்

அரியக்குடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு, போக இயலாமல், இங்கே பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை. கச்சேரி கேட்டு வளர்ந்து, கர்நாடக சங்கீத மேதை ராமானுஜ ஐயங்கார் பிறந்த மண்ணை ஒருமுறையாவது மிதிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு ஆசையும் எனக்கு உண்டு. ஆனாலும் நான் இந்த ஊருக்கு வருவது எங்கள் ஐயாவுக்காக. என் அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர். செட்டிநாட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்ற வார்த்தை அவ்வளவாகப் பழக்கமில்லை, ஐயாதான்.

காரைக்குடியிலிருந்து அரியக்குடி மூன்று நான்கு கிலோமீட்டர். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கோயில் வாசலில் இறக்கிவிடுவார்கள். ஐயா சனிக்கிழமை தவறாமல் நடந்து போன பாதை என்பதால் நானும் நடந்தே போனேன். அது புரட்டாசி மாதம். விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. அதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது. இருபுறமும் செம்மண் காடு, கருவேலம் புதர், இடையிடையே புது மனைப்பிரிவுகளின் கல் நட்ட எல்லைகள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் செருப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் மஞ்சள் துணியில் எதையோ முடிந்து இடுப்பில் செருகியிருந்தார். கேட்கத் தேவையில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது பெருமாளை நினைத்து முடிந்துவைத்த காசுதான் அது.

செட்டிநாடு மழை குறைந்த சீமை. வற்றாத ஆறு கிடையாது. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, மழைத் தண்ணீரைத் தேக்கிக் குடித்து வாழ்ந்த பூமி இது. பயிரை நம்ப முடியாததால் கடல் தாண்டிப் போய்ப் பொருள் தேடினார்கள் செட்டியார்கள் என்று அறியப்படும் நகரத்தார்கள். தேடிய பொருளில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் குளத்துக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்து வைத்தார்கள். எழுபதுக்கு மேற்பட்ட நகரத்தார் ஊர்களில் அரியக்குடியும் ஒன்று. வீதியில் திரும்பினால் அந்த நீளமான வீடுகள் தெரிகின்றன. முகப்பிலிருந்து பார்த்தால் நடுவில் முற்றம் உள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி, கடைசியில் அடுத்த தெருவில் போய்த் திறக்கும் பின்வாசல். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் முன்னோர்களை வணங்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிறார்கள்.

சுமந்து போனவர்

இந்த ஊர்ப் பெருமாள் கோயிலின் கதை ஒரு கிழவரின் கதை. தலவரலாறாக இங்கே சொல்லப்படுவது இதுதான்.

சேவுகன் செட்டியார் என்று ஒருவர். நகரத்தார்களின் ஒன்பது குலக்கோயில்களும் சிவன் கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று அவற்றைப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லித்தருவோம். நெற்றி நிறைய நீறு பூசும் அந்தச் சமூகத்தில் பிறந்த சேவுகன் செட்டியாருக்குத் திருவேங்கடமுடையான் மேல் தீராத பக்தி. சுற்றுவட்டாரத்து மக்கள் திருப்பதிக்கு என்று உண்டியலில் சேர்த்துவைத்த காணிக்கையை அவர்தான் வாங்கிக்கொண்டு, கால்நடையாகத் திருமலைக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வருவார். காரைக்குடிக்கும் திருப்பதிக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அதற்கு மேல் மலை. இன்று அலிபிரி வழியில் ஏறுகிறவர்கள் சுமார் 3,550 படிகளைக் கடக்கிறார்கள்.

அவருக்கு வயதானது. தள்ளாமையிலும் யாத்திரையை விடவில்லை. ஒருமுறை மலையேறும்போது மயங்கி விழுந்துவிட்டார். அப்போது பெருமாள் காட்சி தந்து, இந்த வயதில் நீ என்னைத் தேடி வர வேண்டாம், நானே உன் ஊருக்கு வருகிறேன் என்றார். எங்கே வருவார் என்பதற்கு அடையாளமும் சொன்னார். அடையாளம் காட்டிய இடத்தில் துளசியும் குங்குமமும் இருக்கக் கண்டு அங்கே எழுப்பிய கோயில்தான் இது. ஊரார் தென்திருப்பதி என்கிறார்கள்.

கதையை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் என் மனம் நிற்கும் இடம் அந்தக் காட்சி அல்ல. அவர் தோளில் இருந்த சுமை. அதில் அவருடைய காணிக்கை ஒரு பங்காக இருந்திருக்கலாம். மற்றதெல்லாம் ஊராருடையது. பிள்ளை பிறக்க வேண்டிக்கொண்டவள், காய்ச்சலில் கிடந்த மகனுக்காகக் காசு முடிந்தவள், கப்பலில் போன கணவன் திரும்ப வேண்டுமென்று உண்டியலில் போட்டவள், இவர்கள் யாராலும் திருமலைக்குப் போக முடியாது. அவர்களுடைய சொல் தவறாமல் இருக்க, ஒருவர் நானூறு கிலோமீட்டர் நடந்தார். தனக்காக மட்டும் நடந்தவராக இருந்தால், மயங்கி விழுந்தபோது அது அவர் ஒருவருடைய கஷ்டமாக முடிந்திருக்கும். அவர் விழுந்தால் ஒரு சீமையின் நேர்த்திக்கடனே வழியில் நின்றுபோகும். பெருமாள் இறங்கி வந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். வந்த பலனும் அவரோடு நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த யாரும் அத்தனை தூரம் நடக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

பக்தி என்றால் என்ன என்று ஐயா ஒருநாளும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. ஆனால் அவர் வாழ்ந்ததைப் பார்த்து நான் புரிந்துகொண்டது இந்தக் கதைக்குள் இருக்கிறது. நாம் கஷ்டப்பட்டு நடந்த வழியை அடுத்தவருக்குச் சுருக்கிக் கொடுப்பதுதான் பக்தி.

மூலைக் கருடன்

கோயில் மதில் உயரமானது. உள்ளே கல் மண்டபமும் தூண்களும் வெயிலுக்கு இதமாக இருக்கின்றன. மூலவர் திருவேங்கடமுடையான், உற்சவர் ஸ்ரீநிவாசர், தாயார் அலர்மேல்மங்கை. வைகாசியில் பிரம்மோற்சவம் நடக்கும், தேர் ஓடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எல்லாம் இங்கேதான். வரிசையில் நெற்றியில் நாமம் இட்டவரும் நீறு பூசியவரும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். சடாரி எல்லாத் தலையிலும் ஒரே மாதிரித்தான் அமர்ந்தது. தீர்த்தத்தை வாங்கி உறிஞ்சிவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு, துளசியை வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

இந்தக் கோயிலில் யாரும் பார்க்காமல் போகக் கூடாத ஒருவர் மூலைக் கருடன். பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடனை எல்லாப் பெருமாள் கோயிலிலும் பார்க்கலாம். இங்கே மதில் மூலையில் இன்னொரு கருடன் இருக்கிறார். அவருக்குச் சிதறுகாய் போடுவது வழக்கம். அங்கே தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். தேங்காய்த் தண்ணீரின் புளித்த வாசனை, நார் துணுக்குகள், தெறித்து விழுந்த சில்லுகளைப் பொறுக்க ஓடிவரும் சிறுவர்கள். நான் போனபோது ஒரு முதியவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கப் பார்த்தார், கை உயரவில்லை. காயைப் பேரன் கையில் கொடுத்து, அவன் பின்னால் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயாவுக்குக் கை வரலப்பா. நீ ஓங்கிப் போடு. மனசுல நல்லா வேண்டிக்க" என்றார். காய் நாலு பக்கமும் சிதறியது. பையன் திரும்பி, "நான் வேண்டினது உங்களுக்கா எனக்கா ஐயா?" என்று கேட்டான். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்" என்றார் அவர்.

பெருமாள் வரவு

எங்கள் ஐயா பெரிய செட்டியார் இல்லை. பன்னிரண்டு பதிமூன்று வயதில் பர்மாவுக்குக் கப்பலேறியவர். ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாக உயர்ந்தார். மூன்று வருடக் கணக்கு முடித்தால்தான் ஊர் திரும்ப முடியும். 1929-30இல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு அந்த நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. அப்படி ஒரு காலம் அது. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. கடன் திரும்பாமல் நிலங்கள் கடைக்காரர்கள் கைக்கு வந்து சேர, பர்மிய விவசாயிகளின் கோபமும் சேர்ந்து வந்தது. 1942இல் ஜப்பான் படைகள் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் மலைகளையும் காடுகளையும் கடந்து நடந்தார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். ஐயா நடந்து வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். அந்த நடையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. யாராவது கேட்டால், "பெருமாள் கொண்டுவந்து சேத்தாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஊர் திரும்பிக் காரைக்குடியில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்தார். அந்தக் கடையின் பேரேடுகள் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இன்னும் இருக்கின்றன. ஓரம் பொடிந்து, கறுப்பு மை பழுப்பேறி, பிரித்தால் பழைய மிளகாய் நெடி வருகிறது. ஒவ்வொரு புதுக் கணக்கிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்து சிவமயம். அதற்கும் கீழே முதல் பற்றுவரவு மனிதர் யார் பேரிலும் இல்லை. "அரியக்குடிப் பெருமாள் வரவு" என்று எழுதி, கடையின் மகமை எவ்வளவு என்று போட்டிருக்கிறார். லாபத்தில் தெய்வத்துக்கென்று எடுத்துவைக்கும் பங்கு அது. கணக்கு முடிந்து மிஞ்சினால் கொடுப்பது அல்ல; கணக்கே அங்கிருந்துதான் தொடங்கும். நகரத்தார் கடைகள் எல்லாவற்றிலும் இருந்த முறை இது. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்ததும் இந்த மகமையில்தான்.

ஐயா அந்த வரவை என்ன செய்தார் என்பதும் அதே பேரேட்டில் இருக்கிறது. நாணயம் அணாவில் இருந்த காலத்துப் பக்கம் ஒன்றில் புரட்டாசி மாதத்துச் செலவு வரிசையாக எழுதியிருக்கிறது. வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சம்பழம், வெட்டிவேர், மண்பானை, பந்தலுக்குக் கீற்று, தண்ணீர் இறைத்த ஆளுக்குக் கூலி. சனிக்கிழமைகளில் அரியக்குடிக்கு நடந்து வருகிறவர்களுக்காக வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, பானகமும் நீர்மோரும் கொடுத்தார். செட்டிநாட்டில் தண்ணீர் தருவதைவிடப் பெரிய தர்மம் இல்லை. வீட்டு வளவில் மழை பெய்தால் நான்கு கூரையிலிருந்தும் விழும் தண்ணீரை அண்டா கிடாரம் வைத்துப் பிடித்துச் சேமித்த மனிதர்கள் அல்லவா? ஒரு குவளைத் தண்ணீரின் விலை அவர்களுக்குத் தெரியும்.

கடையில் வியாபாரம் படுத்த வருஷங்களும் உண்டு. அந்தப் பக்கங்களில் கூட முதல் வரியும் பந்தல் செலவும் விட்டுப்போகவில்லை. தொகைதான் சிறுத்திருக்கிறது. பாத்திரம் தேய்க்கவும் எலுமிச்சம்பழம் பிழியவும் எங்கள் அப்பத்தா உடன் நிற்பார்கள். "உங்க ஐயா நல்ல வருஷத்துல கொடுத்ததுக்குப் பெருமையில்லப்பா. கடனை வாங்கிக் கடையைத் தொறந்த வருஷத்துலயும் பானை எறக்கலைல, அதுக்குத்தான் நான் கூட நின்னேன்" என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பந்தலில் யாராவது ஐயாவைப் புகழ்ந்தால் அவருக்குக் கூச்சம் வந்துவிடும். "பெருமாள் காசு. பெருமாளைப் பாக்க வர்றவுகளுக்கு ஊத்துறோம். நடுவுல நமக்கென்ன?" என்பார்.

அவர் செய்த இன்னொரு காரியம் பந்தலைப் போல வெளியே தெரிந்ததல்ல. பர்மாவில் 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1963இல் வங்கிகளும் அரசுடைமையாயின. கடையும் நிலமும் கொடுக்கல் வாங்கலும் அங்கேயே நின்றுபோன குடும்பங்கள் செட்டிநாட்டில் ஏராளம். ஆண்கள் இறந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமார்கள் கையில் பழைய பத்திரங்களோடு உட்கார்ந்திருந்த வீடுகள் எத்தனையோ. ஐயாவுக்கு அந்தக் கணக்கும் தெரியும், அந்த ஊர்களும் தெரியும். ராத்திரியில் கடையைக் கட்டிவிட்டு வந்து, திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு அவர்களுக்காக மனு எழுதுவார். பெரும்பாலான மனுக்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். "எழுதிக் கொடுத்தா அந்த ஆச்சி இன்னைக்கி ராத்திரி தூங்கும்ல" என்று அப்பச்சியிடம் சொல்லியிருக்கிறார்.

பாட்டுக்கும் ஒரு வழி

அரியக்குடியின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன ராமானுஜ ஐயங்கார் 1890 மே 19 அன்று இந்த ஊரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடத்தையங்கார் ஜோதிடர். கோயில் பெருமாளின் பெயர் வீட்டுக்கு வீடு நடமாடிய ஊர் இது. புதுக்கோட்டை மலையப்பையர், நாமக்கல் நரசிம்மையங்கார் ஆகியோரிடம் பயின்று, பின்பு ராமநாதபுரம் பூச்சி சீனிவாசையங்காரிடம் குருகுலவாசம் செய்தார். 1938இல் சங்கீத கலாநிதி, 1958இல் பத்மபூஷண். 1967 ஜனவரி 23 அன்று சென்னையில் காலமானார்.

இன்று நாம் கேட்கும் கச்சேரியின் அமைப்பு அவர் வகுத்தது. முதலில் வர்ணம், அடுத்து விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் விரிவான ஒரு ராகம், தனி ஆவர்த்தனம், அளவாக ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள். அதற்கு முன்னால் ஒரு பல்லவியையே மணிக்கணக்கில் பாடிக் கணக்கு வழக்கில் மூழ்குவது வித்வத்தின் அடையாளமாக இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் ரசித்தார்கள். மற்றவர்கள் எழுந்து போனார்கள். ஐயங்கார் இசையின் கனத்தைக் குறைக்காமலே, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் கடைசிவரை கேட்கும்படி அதை ஒழுங்கு செய்தார். ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் அவர் இட்ட மெட்டுகள் இன்று மார்கழி விடியலில் எத்தனையோ வீடுகளில் ஒலிக்கின்றன. ராக இலக்கணம் தெரியாத எங்கள் அப்பத்தா கூட அந்த மெட்டில்தான் முணுமுணுப்பார்கள். சேவுகன் செட்டியார் மலையைச் சீமைக்குக் கொண்டுவந்தார் என்றால், ஐயங்கார் சங்கீதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

அரியக்குடியைச் சுற்றி மட்டுமல்ல, நகரத்தார் போன எந்தப் பக்கம் போனாலும் அடுத்தவர் வழியைச் சுருக்கும் இந்தக் குணத்துக்குச் சாட்சி இருக்கிறது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 1813இல் தொடங்கியது. விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் அங்கிருந்து இன்றும் தினந்தோறும் போகின்றன. தெற்கிலிருந்து போகிற ஏழை யாத்திரிகனுக்கு வடக்கே ஒரு திண்ணை இருக்கிறது என்ற தைரியத்தை அந்தச் சத்திரம் கொடுத்தது. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். சைவக் குடும்பத்தில் பிறந்த அவர் ராமகாதையைப் பொதுமக்கள் மேடைக்குக் கொண்டுவந்து, தம்மைக் கம்பன் அடிப்பொடி என்று அழைத்துக்கொண்டார். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953இல் அது திறக்கப்பட்டது. தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்காக விட்டுக்கொடுத்தவர் அவர். மதராஸ் வரை போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்குப் படிப்பு பக்கத்திலேயே வந்து சேர்ந்தது. சேவுகன் செட்டியார் கதையைக் கேட்டு வளர்ந்த மண்ணில் இது ஆச்சரியமில்லை.

வளவில் ஒரு விளக்கு

ஊருக்குச் செய்கிறவர்கள் பலர் வீட்டைக் கவனிப்பதில்லை என்று சொல்வார்கள். ஐயா அப்படி இருக்கவில்லை. செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பது வழக்கம். ஒரே கூரையின் கீழ் தனி அறை, தனி அடுப்பு, அவரவர்க்கு வருஷத்துக்கான அரிசி பருப்பு. மூன்று மகன்களுக்கும் நெல்லை அளக்கும்போது படியின் தலையை ஐயா ஒரே மாதிரித் தட்டுவார். மூத்தவருக்குக் கொஞ்சம் கூட, கடைக்குட்டிக்குக் கொஞ்சம் கூட என்பது கிடையாது. மருமக்கள் மூவரும் கடைசிவரை மனக்கசப்பில்லாமல் இருந்ததற்கு அந்தத் தட்டு ஒரு காரணம் என்று என் அம்மா சொல்வார்கள்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வளவில் உட்கார வேண்டும். மாகாணி, அரைக்கால், வீசம் என்று பின்ன வாய்ப்பாட்டை அவர் ஒரு வரி சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று அண்ணன் ஒருநாள் சொன்னபோது, "பங்கு பிரிக்கத் தெரியாதவன் நாளைக்கி அண்ணந்தம்பிகூடச் சண்டை போடுவான். படி" என்றார்.

அவரை முழு நிறைவோடு பார்க்க வேண்டுமானால் பிள்ளையார் நோன்பன்று பார்க்க வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் அந்த நோன்பு எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த காலத்தில் கடலில் மாட்டிக்கொண்ட வணிகர்கள், நாள் கணக்குத் தெரிய வேட்டியிலிருந்து தினம் ஒரு நூல் பிரித்து வைத்து, 21ஆம் நாள் அந்த நூலைத் திரித்து விளக்கேற்றியதாகச் சொல்வார்கள். அதனால் கோடி வேட்டியின் 21 இழைகளைத் திரியாக்கி, நெய்யில் தோய்த்து, வெல்லம் சேர்த்த மாவுருண்டையில் செருகி ஏற்றுவோம். வீட்டுக்கு மூத்தவர் அதை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் வருஷம் பயமாக இருந்தது. ஐயா என் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, "சுடாது. மூச்சை அடக்கு. பிள்ளையாரை நெனச்சுக்க" என்றார். சுடவில்லை. வாயில் நெய்யும் வெல்லமும் கரிந்த நூலும் கலந்த ஒரு ருசி. அன்று வெளியூரிலிருந்து வரமுடியாத பிள்ளைகளின் பெயரையும் சொல்லி ஒவ்வொரு இழை எடுத்துவைப்பார். வந்தவர், வராதவர் என்ற கணக்கு அவரிடம் கிடையாது.

எண்பதைத் தாண்டியதும் கால் ஒத்துழைக்கவில்லை. அரியக்குடி நடை நின்றது. வண்டி பிடித்துத் தருகிறோம் என்றால், "நடந்து போயிப் பாத்த சாமிய வண்டியில போயிப் பாக்கவா?" என்று மறுத்துவிடுவார். சனிக்கிழமை காலையில் குளித்து, நீறு பூசி, அரியக்குடி இருக்கும் திசையைப் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் போய்ச் சேவித்து, துளசியும் தீர்த்தமும் கொண்டுவந்து கொடுப்போம். கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கோயிலில் என்ன அலங்காரம், கூட்டம் எப்படி, வழியில் பந்தல் இருந்ததா, பானையில் தண்ணீர் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அலங்காரத்தைச் சொல்லும்போது மெல்லத் தலையாட்டுவார். பானையைப் பற்றிச் சொல்லும்போது நிமிர்ந்து கவனமாகக் கேட்பார்.

நடக்க முடியாதவரைத் தேடிப் பெருமாள் வருவார் என்று அரியக்குடி சொல்கிறது. எங்கள் வீட்டுக்கு அவர் பேரப்பிள்ளைகளின் கையில் வந்தார். ஒரு கிழவர் ஆயுள் முழுக்க அடுத்தவர் வழியைச் சுருக்கியதால், கடைசி நாட்களில் அவருக்கும் அந்த வழி சுருங்கியது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. அவர் கொடுத்தது அவருக்குத் திரும்பி வந்தது.

நாம் செய்யக் கூடியது

ஐயா போனபிறகு பங்காளிகள் கூடும் படைப்பில் அவரும் சேர்ந்துவிட்டார். முன்னோர்களுக்குக் கோடி வேட்டியும் சேலையும் வைத்துச் சோறு படைத்து வணங்குவோம். அந்த வரிசையில் அவருக்கும் ஒரு வேட்டி உண்டு. அண்ணன் மகனுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. செட்டிநாட்டு முறைப்படி முன்னோர் பெயர் பின்வரும் பிள்ளைகளுக்குப் போகும். வீட்டுப் பெரியவர் பெயரைச் சொல்லி மருமகள் கூப்பிடக் கூடாது என்பதால் பிள்ளையை ராசா என்றே அழைப்பார்கள். இந்த மரியாதைகளெல்லாம் அவசியம்தான். ஆனால் படைப்பில் வைக்கும் வேட்டியும் பெயரும் மட்டும் ஒருவரை நம்மோடு வைத்திருப்பதில்லை. அவர் செய்த காரியத்தை நாம் செய்தால்தான் அவர் நம்மோடு இருப்பார்.

எல்லோராலும் கோயில் கட்ட முடியாது. 300 ஏக்கர் கொடுக்க முடியாது. கச்சேரிக்குப் புது அமைப்பு வகுக்க முடியாது. ஆனால் வருமானத்தில் ஒரு பங்கை முதல் வரியில் எழுதி வைக்க யாராலும் முடியும். அது எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் சரி, கடைசி வரிக்குத் தள்ளாமல் இருந்தால் போதும். எழுதத் தெரியாத பெரியவருக்கு வங்கியில் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், கைபேசி பழகாத அண்டை வீட்டு ஆச்சிக்கு மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்து கொடுப்பதும் ஐயா எழுதிய மனுக்களின் வம்சத்தைச் சேர்ந்தவைதான்.

புரட்டாசியில் அரியக்குடிக்குப் போகிறவர்கள் முடிந்தால் காரைக்குடியிலிருந்து நடந்தே போங்கள். விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் சேவித்துவிடலாம். மூலைக் கருடனுக்கு ஒரு காய் வாங்கிக்கொள்ளுங்கள். கூட வரும் பிள்ளைகள் கையால் போடச் சொல்லுங்கள். திரும்பும்போது வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களுக்குத் துளசியும் தீர்த்தமும் மறக்காமல் வாங்கி வாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது மகமைக் கணக்கை அண்ணன் பார்க்கிறார். பந்தல் செலவைப் பங்காளிகள் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் பேரன் பேத்திகளும் தங்கள் பங்கை அனுப்பிவிடுகிறார்கள். பணத்துக்குக் குறையில்லை. விடிகாலையில் தண்ணீர் இறைக்கவும், எலுமிச்சம்பழம் பிழியவும், நடந்து வருகிறவர்கள் கையில் குவளையைக் கொடுக்கவும்தான் ஆள் வேண்டியிருக்கிறது. அதற்கு நாம்தான் போக வேண்டும்.